அணு உலையே இல்லாத ஊரில் அணு உலைக்கான வெள்ளக் கணக்கு எதற்கு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கிளிநொச்சியில் குடிசார் பொறியியல் இறுதி வருடம் படிக்கிறீர்கள். புவிநடுக்கம், ஆழிப்பேரலை, வெள்ளம், சூறாவளி ஆகியவற்றிலிருந்து அணு மின் நிலையங்களைக் காப்பதற்கு சர்வதேச அணுசக்தி முகவரகம் நிபுணர்களைப் பயிற்றுவிக்கிறது என்று அறிந்தீர்கள். அங்கே என்ன படிப்பிப்பார்கள், உலை இல்லாத நாட்டவருக்கு இடம் உண்டா, படித்து வந்து யாழ்ப்பாணத்தில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்று என்றாலும் உள்ளே ஒன்றுதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. யாரோ கட்டிய உலைக்காக, எப்போதோ வரப்போகும் அலையைக் கணிக்க நான் ஏன் என் வயதைச் செலவழிக்க வேண்டும்? அதற்கே பதில் எழுதுகிறேன், மற்றவை வழியில் வந்து சேரும்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நானும் குடிசார் பொறியியல் படித்தவன். முப்பது வருடத்தில் பெரும்பகுதி அணைகளுக்கும் துறைமுகங்களுக்கும் வெள்ளமும் அலையும் கணித்துக் கழிந்தது. அணு மின் நிலையத்துக்கான கணிப்புக் குழுக்களில் இரண்டு தடவை இருந்திருக்கிறேன், ஒரு தடவை பயிற்சி பெறுபவனாகவும் இருந்திருக்கிறேன். உலைக்குள்ளே நடக்கும் பௌதிகம் என் தொழில் அல்ல. கதிர்வீச்சு உடலை என்ன செய்யும் என்பது மருத்துவர்களிடம் கேட்க வேண்டியது. கூடங்குளம் பாதுகாப்பானதா இல்லையா என்று ஒரு சொல்லில் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். அப்படி ஒரு சொல்லில் சொல்பவர்களிடம் எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இயற்கை இடருக்கும் அணு உலைக்கும் என்ன தனிப்பட்ட பகை என்பதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு பௌதிக உண்மை போதும். உலையை நிறுத்தினாலும் சூடு நிற்பதில்லை. பனங்கட்டி காய்ச்சும் அடுப்பில் விறகை வெளியே இழுத்த பிறகும் தணல் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தத் தணலை வெளியே இழுக்கவும் முடியாது. ஆயிரம் மெகாவாற் மின்சாரம் தரும் உலை உள்ளே ஏறத்தாழ மூவாயிரம் மெகாவாற் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம் மிஞ்சியிருக்கும், ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை சதவீதமளவுக்கு இறங்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதமளவு இருக்கும். அரை சதவீதம் என்றால் 15 மெகாவாற். அந்தச் சூட்டை நீரை ஆவியாக்கியே போக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 500 தொன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும். தீவுப்பகுதிக்குக் குடிநீர் கொண்டுபோகும் பவுசரில் 10,000 லீற்றர் பிடிக்கும் என்று வைத்தால் நாளுக்கு ஐம்பது பவுசர், அதுவும் வீதி, பாலம், மின்சாரம் எல்லாம் அடிபட்டுக் கிடக்கும் நாளில். புயலோ அலையோ வந்து உலையின் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பம்பிக்குப் போகும் மின்சாரத்தை அறுத்தாலே போதும்.

எங்களுக்குக் கிட்டவே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் என்ன நடந்தது என்பதை உங்கள் வீட்டார் சொல்லியிருப்பார்கள். அதே அலை அதே காலையில் சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்துக்கும் போனது. அங்கே ஓர் உலை திருத்தவேலைக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது, இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் சுரங்க வழியாகத் தண்ணீர் ஏறி, பம்பி வீட்டில் மட்டம் உயர்ந்து, கடல்நீர்ப் பம்பிகள் நின்றன. உலை முறைப்படி நிறுத்தப்பட்டது. கதிர்வீச்சுக் கசிவு இல்லை. ஆனால் நிலையத்தை அடுத்த ஊழியர் குடியிருப்பில் பலர் இறந்தார்கள். பக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய உலையின் அத்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பியது. இயந்திரத்தைப் பற்றி மட்டும் கணக்குப் போட்டு, அதை இயக்கும் மனிதர் இரவில் எங்கே படுக்கிறார் என்பதை விட்டுவிட்டால் கணக்கு அரைகுறை. பயிற்சிகளில் நான் கேட்ட முதற் பாடங்களில் இதுவும் ஒன்று.

புக்குஷிமாவைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், ஆனால் தெரிய வேண்டிய பகுதி பெரும்பாலும் தெரிவதில்லை. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு 9.0 அளவில் நிலம் நடுங்கியபோது ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் மின்பிறப்பாக்கிகள் உடனே இயங்கின. அதுவரை எல்லாம் திட்டப்படி. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழித்து 14, 15 மீற்றர் உயரத்துக்குக் கடல் ஏறியது. நிலையம் எதிர்பார்த்திருந்தது 5.7 மீற்றர். முதல் நான்கு உலைகளும் நின்ற நிலம் 10 மீற்றர். அந்த இடத்தில் இயல்பாக இருந்தது 35 மீற்றர்க் குன்று. அத்திவாரம் பாறையில் இருக்க வேண்டும், கடல்நீரை அதிக உயரம் ஏற்றினால் செலவு என்று குன்றை வெட்டித் தாழ்த்தித்தான் நிலையத்தைக் கட்டினார்கள். மின்பிறப்பாக்கிகளில் பெரும்பாலானவையும் மின் இணைப்புப் பலகைகளும் நிலக்கீழ்த் தளங்களில் இருந்தன. தண்ணீர் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்தது. ஆறாம் உலையின் ஒரு மின்பிறப்பாக்கி மட்டும் தொடர்ந்து ஓடியது. அதைக் குளிர்விக்கக் கடல்நீர் தேவைப்படவில்லை, காற்றே போதும். அந்த ஒன்றுதான் ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

இதை எதிர்பாராத பேரழிவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே 2008இல் செய்யப்பட்ட கணிப்பொன்று அந்த இடத்தில் 15.7 மீற்றர் வரை தண்ணீர் ஏறலாம் என்று சொல்லியிருந்தது. அது மேலிடத்துக்குப் போனது. இன்னும் ஆராய்வோம் என்று பொறியியலாளர் சங்கமொன்றிடம் அனுப்பப்பட்டது. அந்த எண் ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது 2011 மார்ச் 7ஆம் திகதி, அலைக்கு நான்கு நாள் முன்னர். இதில் குற்றம் எவ்வளவு என்பதில் ஜப்பானிய நீதிமன்றங்களே ஒரே குரலில் பேசவில்லை. 2022இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் முன்னாள் நிர்வாகிகள் நால்வர் 13 இலட்சம் கோடி யென் கட்ட வேண்டும் என்றது, 2025இல் மேல் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நான் நீதிபதி இல்லை. ஆனால் எண் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதே அலை நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் கிட்டவிருந்த ஒனகாவா நிலையத்துக்கும் போனது. அங்கே தண்ணீர் ஏறியது ஏறத்தாழ 13 மீற்றர். நிலையம் கட்டப்பட்டிருந்த உயரம் 14.8. நடுக்கத்தில் நிலமே ஒரு மீற்றர் கீழே இறங்கியும் தப்பியது. வீடிழந்த ஊர்மக்கள் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் அந்த நிலையத்தின் வளவுக்குள்ளேயே வந்து தங்கினார்கள். அந்த உயரத்துக்காக விடாப்பிடியாக நின்றவர் ஹிராய் யனோசுகே என்ற பொறியியலாளர். கி.பி. 869இல் அந்தக் கரையை அழித்த பேரலை அவர் மனதில் இருந்தது. மற்றவர்களுக்கு அது ஆயிரம் வருடத்துக்கு முந்திய பழங்கதை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நேர்மையில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு நாட்டில் கரையோரக் கட்டுமானம் ஒன்றுக்கு நான் அலை உயரம் கணித்தேன். அணு நிலையம் அல்ல. எனக்கு வந்தது 4.2 மீற்றர். நான்குக்குள் கொண்டுவர முடியாதா என்று மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை, தேநீர் தந்துதான் கேட்டார்கள். அனுமானங்களில் ஒன்றைச் சற்றுத் தளர்த்தினால் 3.9 வரும் என்று எனக்குத் தெரியும், அதற்கும் நியாயம் சொல்லலாம். அறிக்கையின் முதற்பக்கத்தில் 3.9 போட்டேன். 4.2 பின்னிணைப்பில், சிறிய எழுத்தில், ஓர் அட்டவணையின் நான்காம் நிரலில் இருக்கிறது. பொய் எழுதவில்லை. ஆனால் அந்த அறிக்கையை இன்று எடுத்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. புக்குஷிமாவின் 15.7ஐப் பற்றி முதன்முதல் வாசித்தபோது எனக்கு அந்த நான்காம் நிரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே பயிற்சியில் என்ன படிப்பிப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பாடவிதானம் என்று பார்த்தால், நிலையம் அமையும் இடத்தைத் தெரிவு செய்வது, புவிநடுக்க அபாயம், வெள்ளமும் வானிலையும், எரிமலை, அவற்றைத் தாங்கும் வடிவமைப்பு, ஏற்கனவே கட்டியதை மறுமதிப்பீடு செய்வது, அவசரகால ஆயத்தம் என்று போகும். முகவரகம் இவை ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டி நூல்கள் வெளியிட்டிருக்கிறது. வானிலை, வெள்ள இடர்களுக்கானதை 2011இல் உலக வானிலை அமைப்புடன் சேர்ந்து வெளியிட்டது. அவற்றை முகவரகத்தின் தலைமையகம் இருக்கும் வியன்னாவுக்குப் போகாமலே இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம், நீங்கள் நாளைக்கே தொடங்கலாம். சூத்திரங்களும் உங்கள் நாலாம் வருடத்துக்கு எட்டாதவை அல்ல. வகுப்பறையில் அமர்ந்தே ஆகவேண்டியது வேறு காரணத்துக்காக.

பெரிய வடிகாலொன்றுக்கு நூறு வருடத்தில் ஒரு தடவை வரக்கூடிய மழையை எடுப்போம். நூறு வருடத்தில் ஒரு தடவை என்றால், அறுபது வருடம் இருக்கும் கட்டுமானம் ஒன்று அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம். வடிகாலுக்குப் பரவாயில்லை, வீதியில் தண்ணீர் நிற்கும், வடிந்துவிடும். அணு நிலையத்துக்கு எடுப்பது பெரும்பாலும் பத்தாயிரம் வருடத்தில் ஒரு தடவை. அறுபது வருடத்தில் சந்திக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவிகள் வைத்து நிலநடுக்கம் அளக்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டு சொச்சம்தான் ஆகிறது. நூறு வருடப் பதிவை வைத்துக்கொண்டு பத்தாயிரம் வருடத்துக்குச் சோதிடம் சொல்லச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது, நிரப்பிய பிறகு அதில் எவ்வளவு ஊகம் என்பதை எப்படி ஒளிக்காமல் எழுதுவது என்பதுதான் பயிற்சியின் உயிர்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய பௌதிக மையம் இருக்கிறது. முகவரகம் அதனுடன் சேர்ந்து பயிற்சிகள் நடத்துவதுண்டு. அங்கே ஒரு பிற்பகல் எங்களுக்குக் கற்பனையான ஒரு கரையைத் தந்தார்கள். 120 வருட அலைப் பதிவு, தேவாலயமொன்றின் பழைய நாட்குறிப்பில் இரண்டு வரி, ஒரு களப்புச் சேற்றில் தோண்டியெடுத்த மண்ணின் படம், அதில் பழைய பேரலை ஏதோ விட்டுப்போயிருக்கக்கூடிய ஒரு விரற்கடை தடிப்பு மணற்படை. பத்தாயிரம் வருட அலை எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். இருபது பேரளவில் இருந்தோம். விடைகள் 3 மீற்றரிலிருந்து 19 மீற்றர் வரை பரந்திருந்தன. பயிற்றுநர் சராசரி எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் 3 எழுதியவரை எழுப்பி 19க்காக வாதாடச் சொன்னார், 19 எழுதியவரை 3க்காக. ஒரு மணித்தியாலம் போனது. முடிவில் இருவருமே தங்கள் எண்ணை மாற்றவில்லை, ஆனால் எந்த அனுமானத்தில் தாங்கள் பிரிகிறோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பிரிவுகளையெல்லாம் ஒரு மரம் போலக் கிளை கிளையாக வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு நம்பிக்கை என்று நிறை கொடுத்து, அந்த நிறைக்கான காரணத்தை எழுதி வைப்பதுதான் இத்துறையின் முறை. பிறகு என்னிடம் வந்தார். நான் 6 என்று எழுதியிருந்தேன். ஏன் ஆறு என்றார். நடுவில் நின்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் உண்மையான காரணம், வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

இன்னொன்று நடந்து பார்ப்பது. கணக்கெல்லாம் முடிந்த பிறகு நிலையத்துக்குள் டார்ச்சுடன் நடந்து, நடுங்கினால் எது எதன்மீது விழும் என்று பார்க்க வேண்டும். எங்களை ஓர் அனல் மின் நிலையத்தில் விட்டுப் பழக்கினார்கள். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும், பேசக்கூடாது. முதல் இரண்டு நிமிடத்தில் பெட்டியைத் தரையில் பிடித்திருக்கும் ஆணிகளை எண்ணினேன், நான்கும் இருந்தன. ஐந்தாம் நிமிடத்தில் அதில் ஒன்றுக்குச் சுரை இல்லை என்று கண்டேன். ஒன்பதாம் நிமிடத்தில்தான் பக்கத்தில் நின்ற இரும்பு அலுமாரி கண்ணில் பட்டது. யாரோ கோப்பு வைக்கக் கொண்டுவந்தது, கீழே நான்கு சில்லுகள். நடுங்கினால் அது நேராக உருண்டு வந்து பெட்டியில் மோதும். எந்த வரைபடத்திலும் அந்த அலுமாரி இல்லை.

இடர்கள் தனித்தனியே வருவதில்லை என்பதும் இதனோடு சேர்ந்தது. 1999 டிசம்பர் 27 இரவு பிரான்ஸின் பிளேயே நிலையத்தில் கடற்பெருக்கும் புயலும் காற்று எழுப்பிய அலையும் ஒன்றாக வந்து அணைக்கட்டைத் தாண்டின. கதவிடுக்கிலும் கேபிள் துளைகளிலும் தண்ணீர் புகுந்து சில பாதுகாப்புப் பம்பிகளை எடுத்தது. வீதிகள் வெள்ளத்தில் கிடந்ததால் மாற்றுக் குழு உள்ளே வர முடியவில்லை. நாவற்குழிப் பக்கம் தண்ணீர் ஏறினால் யாழ்ப்பாணத்துக்கு யார் வந்து சேர முடியும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1992இல் அன்ட்ரூ சூறாவளி புளோரிடாவின் டர்க்கி பொயின்ற் நிலையத்துக்கு ஐந்து நாளுக்கு மேல் வெளி மின்சாரம் இல்லாமல் செய்தது. சில நேரம் எதிரி சிரிப்புக்கிடமாகக்கூட இருப்பான். 2025 ஓகஸ்டில் பிரான்ஸின் கிராவ்லீன் நிலையத்தில் உலைகள் நின்றதற்குக் காரணம், கடல்நீர் எடுக்கும் வாயில் வந்து அடைத்த ஜெல்லிமீன் கூட்டம். எங்கள் கடற்றொழிலாளர் சொறி என்று திட்டிக்கொண்டு வலையிலிருந்து உதறும் அதே சாமான்தான்.

உறுதி எது, சந்தேகம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். எஞ்சிய வெப்பக் கணக்கு உறுதி. எதிர்பார்த்த மட்டத்தைத் தண்ணீர் ஒரு சாண் தாண்டினால் சேதம் ஒரு சாணளவு கூடுவதில்லை, மலை விளிம்பில் கால் வைத்தது போல ஒரேயடியாகக் கூடும் என்பதும் உறுதி. கடல் மட்டம் உயர்கிறது, சூறாவளிகள் கொண்டுவரும் மழை கூடும் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய சண்டை இல்லை. வங்கக் கடலில் சூறாவளிகளின் எண்ணிக்கை கூடுமா குறையுமா என்பதில் இருக்கிறது. பூமியின் இரண்டு தட்டுகள் சந்திக்கும் எல்லையொன்று அதிகபட்சம் எவ்வளவு பெரிய நடுக்கத்தைத் தரும் என்பதிலும் எங்கள் துறை அவமானப்பட்டிருக்கிறது. பழைய, மெதுவாக நகரும் தட்டுகள் சந்திக்கும் இடத்தில் 9 அளவுக்கு வராது என்று ஒரு காலத்தில் நம்பினோம். 2004இல் சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் கிழிந்தது, நம்பிக்கையும் கிழிந்தது.

சரி, யாழ்ப்பாணத்துக்கு என்ன? வரைபடத்தில் அளந்து பாருங்கள். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 225 கிலோமீற்றர், மன்னார் 255, யாழ்ப்பாணம் 300. அங்கே ஆயிரம் மெகாவாற் உலைகள் இரண்டு ஓடுகின்றன, மேலும் கட்டப்படுகின்றன. முகவரகத்தின் அவசரகால வழிகாட்டலில் இந்த அளவு உலைகளுக்கு வட்டங்கள் போட்டிருக்கிறார்கள். 3 முதல் 5 கிலோமீற்றருக்குள் கசிவுக்கு முன்பே மக்களை வெளியேற்றுவது, 15 முதல் 30க்குள் உடனடிப் பாதுகாப்பு, 100 வரை அளந்து பார்த்து முடிவெடுப்பது, கடைசியாக 300 வரை உணவு, பால், மழைநீர், விற்பனைப் பொருட்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது. ஆகவே யாழ்ப்பாணத்தவர் மூட்டை கட்டி ஓடுவது பற்றி வரும் பயப்பேச்சுக்கு அந்தத் தூரத்தில் ஆதாரமில்லை. அதே நேரம் எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் சரியில்லை. மன்னார் அந்தக் கடைசி வட்டத்துக்குள் இருக்கிறது, நாங்கள் அதன் கோட்டின் மேல். எங்களுக்கு வரும் கேள்வி, பாலைச் சேகரிக்கலாமா, தொட்டியில் பிடித்த மழைநீரைக் குடிக்கலாமா, குருநகரில் இறக்கிய மீனை யார் வாங்குவார் என்ற வகையிலானது. மீனில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு வதந்தி போதும், சந்தை படுத்துவிடும். அளந்து, அளந்ததை நம்பும்படி சொல்ல ஆள் வேண்டும்.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது, கூடங்குளம் இருக்கும் பக்கம் ஏறத்தாழ அதுதான். வாடைக் காலத்தில் மறுபுறம். வங்கக் கடலில் சூறாவளிகள் அதிகம் உருவாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் என்பதால், சூறாவளியால் விபத்து வந்தால் வாடைதானே, எங்களுக்கு ஆபத்தில்லை என்று ஒருவர் கணக்குப் போடலாம். நானும் ஒரு காலத்தில் போட்டேன். பிழை. சூறாவளி கடக்கும்போது காற்றுச் சுழன்று திசை மாறும், ஆழிப்பேரலைக்கோ பருவமே இல்லை. இந்த மாதிரிச் சிக்கலை ஊரின் காற்றும் கடலும் தெரிந்த ஒருவர் கணிப்பது, வியன்னாவில் இருந்துகொண்டு கணிப்பதைவிட நல்லது. நீங்கள் படித்து வந்து செய்யக்கூடிய வேலை இங்கே இருக்கிறது.

இடம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். இலங்கை 1957 முதல் முகவரகத்தில் அங்கம். முகவரகத்தின் புலமைப்பரிசில்களும் குறுகிய பயிற்சிகளும் கொழும்பிலுள்ள அணுசக்திச் சபை ஊடாகவே போகின்றன, தனியாள் நேரே விண்ணப்பித்துப் பயன் குறைவு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அணுசக்தியை ஒழுங்குபடுத்தும் பேரவை தனியாக இயங்குகிறது, அவர்களுக்கும் ஆள் தேவைப்படும். 2015 பெப்ரவரியில் இந்தியாவுடன் கைச்சாத்தான உடன்படிக்கையில் பயிற்சியும் கதிர்வீச்சு அனர்த்தத் தணிப்பும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அது தாளிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று கொழும்பில் கேட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், 2020 முதல் மேரி கியூரி பெயரில் பெண்களுக்கு மட்டுமான முதுமாணிப் புலமைப்பரிசில் ஒன்றை முகவரகம் கொடுக்கிறது. ஆனால் ஒரு பயிற்சிச் சான்றிதழோடு யாரும் நிபுணராவதில்லை. இரண்டு வாரம் முடித்து வந்து பெயர்ப்பலகை அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் ஒருவருக்குக் கீழே இருந்து, அவர் உங்கள் கணக்கைக் கிழித்துப் போட்டு, நீங்கள் திரும்பப் போட்டு, அப்படித்தான் வரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். 1964 டிசம்பர் சூறாவளியைப் பற்றித் தனுஷ்கோடிப் பக்கம் எழுதப்பட்டதில் கால்வாசிகூட எங்கள் பக்கம் எழுதப்படவில்லை. அன்று பத்து வயதானவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல். போய்க் கேளுங்கள், ஆனால் கேட்கும் விதம் தெரிந்து கேளுங்கள். தலைமன்னார்ப் பக்கம் ஒரு பெரியவர் தண்ணீர் இடுப்பளவு என்றார், அவருடைய அக்கா நெஞ்சளவு என்றார். நான் இரண்டையும் எழுதிக்கொண்டு, இரண்டில் ஒன்று பிழை என்று எண்ணிக்கொண்டு எழும்பினேன். வாசலில் வைத்துத்தான் கேட்கத் தோன்றியது, ஐயா, அப்போது உங்களுக்கு என்ன வயது? ஒன்பது என்றார். அவர் காட்டியது எழுபது வயதுக் கிழவனின் இடுப்பை, தண்ணீர் ஏறியது ஒன்பது வயதுப் பொடியனின் இடுப்புக்கு. பிறகு அவர் தானாகவே குனிந்து, நின்ற இடத்தைக் காட்டி, சுவரில் கையை வைத்தார். நில மட்டத்திலிருந்து 70 சென்ரிமீற்றர்.

மண்ணையும் கேட்கலாம். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில் சேற்றைத் துளையிட்டு ஆயிரக்கணக்கான வருடத்து ஆழிப்பேரலைகளின் மணற்படைகளை எடுத்திருக்கிறார்கள். எங்கள் கரையில் முதலில் 2004இன் படையைத் தேடிப் பழகுங்கள், அதன் வயது தெரியும் என்பதால். மணல்காட்டில் தொடங்காதீர்கள், அங்கே காற்று கொண்டுவந்த மணலையும் கடல் கொண்டுவந்த மணலையும் பிரிப்பதற்குள் வெறுத்துவிடும். கரைக்குப் பின்னால் சேறு தங்கும் தாழ்ந்த இடம் வேண்டும். கறுப்புச் சேற்றுக்கு நடுவே அடியில் வெட்டினாற்போல் தெளிவான விளிம்பும், மேலே போகப் போக நொய்யாகும் மணலும், அதற்குள் சிறிய சிப்பித் துண்டுகளும் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சுண்டிக்குளப் பக்கம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாகர்கோவில், முகமாலைப் பக்கம் எங்கே போவதானாலும், அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.